கட்டிலருகே ஒரு கச்சேரி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஒரகடத்தைக் கடந்து போகிறவர்களின் காதில் முதலில் விழுவது லாரியின் ஹாரன். இரண்டாவதாக விழுவதும் லாரியின் ஹாரன்தான். மூன்றாவதாக ஏதேனும் விழுமானால், அது ஷிப்டு மாறும் வேளையில் வரிசையாக வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ்களின் உறுமலாக இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் நின்று கொண்டு நாம் சங்கீதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று நேயர்கள் கேட்கக் கூடும். ஆயினும், சங்கீதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதுவும் சபா மேடைச் சங்கீதத்தை அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகே பாட வேண்டிய சங்கீதத்தை.

ஒரகடம் என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. ஏரியும் வயலும் பனையுமாக இருந்த பூமி அது. வடக்கே உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். பக்கத்திலேயே அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற வல்லக்கோட்டை முருகன் சந்நிதி. இன்று அந்த ஊர்களுக்கு நடுவே 2010-ம் ஆண்டில் ரெனோ-நிஸ்ஸான் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. 2012-ல் டெய்ம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை. இவற்றைச் சுற்றி உதிரி பாகங்கள் செய்யும் பட்டறைகளுக்குக் கணக்கில்லை. தேசம் தன் கையாலேயே வண்டி செய்து உலகுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு காலத்தில் மேடைகளில் பேசினோம். அது கண்ணெதிரே நடக்கிறது. மகிழ்ச்சிதான்.

ஆனால், வண்டி செய்கிற பிள்ளை யார்? தென்காசியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்தவன். பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்தவன். பெண்களும் ஏராளம். 2024 ஆகஸ்டு மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் தொழிலாளப் பெண்களுக்கென்று திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பதினெட்டாயிரம் பேர் என்றால் ஒரு சிறு நகரம்! ஆனால், அந்த நகரத்தில் அம்மா இல்லை, பாட்டி இல்லை, அத்தை இல்லை.

நம்முடைய குடும்பங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன நடக்கிறது? பிளாஸ்கில் கஞ்சியும் டிபன் காரியரில் ரசம் சாதமுமாக நாலு பேர் புறப்பட்டு விடுகிறார்கள். "கூட்டம் போடாதீர்கள்" என்று நர்ஸ் அம்மாள் விரட்ட வேண்டியிருக்கிறது. பிரஸ் இயந்திரத்தில் விரல் நசுங்கியோ, டெங்குக் காய்ச்சலிலோ படுத்திருக்கும் வெளியூர்ப் பிள்ளைக்கு அந்தக் கூட்டம் கிடையாது. 1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளிக்கு மருந்தையும், வேலைக்குப் போகாத நாட்களுக்கு உதவித் தொகையையும் உறுதி செய்தது. கட்டிலருகே உட்கார்ந்து, "ராத்திரி தூங்கினாயா, அப்பா?" என்று கேட்பதற்கு ஓர் ஆளை எந்தச் சட்டமும் நியமிக்கவில்லை, நியமிக்கவும் முடியாது.

அந்த இடத்தில்தான் சங்கீத மாணவர்களின் ஞாபகம் நமக்கு வருகிறது.

புதிய யோசனையா?

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான யோசனை என்று நினைப்பவர்கள் புறநானூற்றின் 281-ம் பாட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அரிசில் கிழார் பாடியது. போரிலே புண்பட்டு வந்த வீரன் வீட்டில் கிடக்கிறான். பெண்கள் வேப்பிலை செருகுகிறார்கள், கடுகு தூவுகிறார்கள், புகை போடுகிறார்கள். அத்துடன் யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்கின்றன, குழல் ஊதப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சிப் பண் பாடப்படுகிறது. மருந்து, சுத்தம், இசை ஆகிய மூன்றும் ஒரே அறையில்! பேயை விரட்டுவதற்காகத்தான் பாடினார்கள் என்று உரைகாரர்கள் சொல்லலாம். இருக்கட்டும். புண்பட்டுக் கிடப்பவனுக்கு நடுநிசியில் வருகிற பயமும் தனிமையும் பேயைவிடக் குறைந்தவையா என்ன?

சூலை நோயால் துடித்த அப்பர் சுவாமிகள் திருவதிகையில் பாடி நலம் பெற்ற வரலாற்றை அறியாதவர் தமிழ் நாட்டில் இல்லை. வயிற்று வலியால் வருந்திய சீடருக்காக முத்துஸ்வாமி தீக்ஷிதர் நவக்கிரக கீர்த்தனங்களைத் தொடங்கினார் என்பதும் கர்ண பரம்பரையாக வருகிற செய்தி. இவை பக்தியின் வரலாறுகள். வைத்திய சாட்சியங்கள் அல்ல. ஆனால், நோயும் பாட்டும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை என்று நம் முன்னோர் ஒருபோதும் கருதவில்லை என்பதற்கு இவை போதும்.

நம் காலத்துக்கு அருகிலும் உதாரணம் இருக்கிறது. சேவாகிராமத்தில் குஷ்டநோயாளியான பர்சுரே சாஸ்திரியாருக்கு மகாத்மா காந்தி தம் கையாலேயே எண்ணெய் தேய்த்துப் பணிவிடை செய்தார். சபர்மதி ஆசிரமத்திலோ, விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் சீடரான நாராயண் மோரேஷ்வர் கரே அன்றாடப் பிரார்த்தனைச் சங்கீதத்தை நடத்தி வந்தார். நோயாளிக்குப் பணிவிடை, நாள் தவறாத பாட்டு இரண்டுமே காந்தியின் ஆசிரம வாழ்க்கைக்குள் அடங்கியிருந்தன.

லண்டனில் ஒரு பாதிரியார்

மேல்நாட்டாரும் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. நர்ஸ் தொழிலுக்கே தாயாரான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தாம் எழுதிய நூலில், குரலும் குழலும் தந்தி வாத்தியங்களும் போலத் தொடர்ந்து இழையும் ஓசை நோயாளிக்கு இதம் தரும் என்றும், விட்டு விட்டு ஒலிக்கும் பியானோ அப்படியல்ல என்றும் குறித்திருக்கிறார். 1891-ம் ஆண்டில் லண்டனில் ஹார்போர்டு என்ற பாதிரியார் ஒரு சங்கத்தை ஏற்படுத்தி, ஆஸ்பத்திரிகளுக்குப் பாடகர்களை அனுப்பினார். ஒரே மண்டபத்தில் பாடி, டெலிபோன் கம்பி வழியாகப் பல ஆஸ்பத்திரிகளுக்குச் சங்கீதத்தை அனுப்பலாம் என்றுகூட அவர் திட்டம் போட்டார்! இரண்டாவது மகாயுத்தத்தில் காயமடைந்தவர்களுக்காக வாசித்து வாசித்து, அமெரிக்காவில் இது ஒரு படிப்பாகவே ஆயிற்று. 1944-ல் மிச்சிகன் சர்வகலாசாலை ஒன்றில் இசைச் சிகிச்சைக்குப் பாடத்திட்டம் வந்தது.

ஆனால், சங்கீத மாணவர்களுக்கு உண்மையில் வழி காட்டியவர் பிடில் மேதை யெஹூதி மெனுஹின். யுத்த காலத்தில் படை வீரர்களுக்காக நூற்றுக்கணக்கான கச்சேரிகள் செய்தவர் அவர். 1945 ஜூலையில், ஜெர்மனியின் பெல்ஸன் கொலைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்களின் முன்னால் வாசித்தார். எலும்பும் தோலுமாக இருந்தவர்களுக்கு முன்னால் பிடில் வாசித்த ஒருவருக்கு, சங்கீதம் எதற்காக என்ற கேள்வி அதற்குப் பிறகு சுலபமானதாக இருந்திருக்க முடியாது. 1952-ல் நேருஜியின் அழைப்பின் பேரில் இந்தியாவுக்கு வந்து, பஞ்ச நிவாரணத்துக்காகக் கச்சேரிகள் செய்தாரே, அவரேதான்!

அந்த மெனுஹின், 1977-ல் ஐயன் ஸ்டௌட்ஸ்கர் என்பவருடன் சேர்ந்து, இங்கிலாந்தில் 'லைவ் மியூசிக் நௌ' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தொழிலில் அப்பொழுதுதான் காலடி வைக்கிற இளம் வித்வான்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் குறைபாடுள்ள குழந்தைகளின் பள்ளிகளுக்கும் அனுப்புவது அதன் வேலை. கேட்பவர்களுக்குச் சங்கீதம் கிடைக்கிறது. வாசிப்பவர்களுக்கு மனிதர்களின் முன்னால் வாசிக்கும் பழக்கம் கிடைக்கிறது. இரு தரப்பும் கொடுக்கிறார்கள். இரு தரப்பும் பெறுகிறார்கள். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை.

வைத்தியர்கள் என்ன சொல்கிறார்கள்?

"பாட்டுக் கேட்டால் ஜுரம் இறங்குமா?" என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்: இறங்காது. இன்ன ராகம் இன்ன வியாதிக்கு என்று அட்டவணை போட்டுப் புத்தகம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டவணைகளுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்திவிட்டு பாகேஸ்ரீயை நம்பினால், பாகேஸ்ரீயின் மேல் பழி வரும்; அவருக்கோ உயிரே போகும்.

ஆனால், சங்கீதம் செய்யக் கூடியவை வேறு சில இருக்கின்றன. 2015-ல் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகை, ரண சிகிச்சை செய்து கொண்டவர்களிடம் நடத்திய 73 பரிசோதனைகளைத் தொகுத்து வெளியிட்டது. சங்கீதம் கேட்டவர்களுக்கு வலி குறைந்தது, பயம் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால், ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நாட்கள் மட்டும் குறையவில்லை. 2008-ல் பின்லாந்து தேசத்தில், மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் கண்ட 60 நோயாளிகளிடம் ஒரு பரிசோதனை நடந்தது. தினந்தோறும் தங்களுக்குப் பிடித்த சங்கீதத்தை இரண்டு மாதங்கள் கேட்டவர்களுக்கு, மற்றவர்களைவிடச் சொற்களின் ஞாபகமும் கவனமும் நன்றாகத் திரும்பின. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. 2013-ல் அமெரிக்காவின் 11 ஆஸ்பத்திரிகளில், மாதம் நிரம்பாமல் பிறந்த 272 சிசுக்களுக்கு, தாய் தந்தையருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக, குழந்தையின் மூச்சோடு ஒத்துப் பாடிப் பார்த்தார்கள். குழந்தையின் நாடித் துடிப்பு நிதானப்பட்டது. பெற்றோரின் கவலையும் தணிந்தது.

"அப்படியானால் கைப்பேசியில் கேட்டுக் கொள்ளட்டுமே! பாட ஆள் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஹார்போர்டு பாதிரியாரின் டெலிபோன் கனவு இன்று ஒவ்வொரு நோயாளியின் தலையணைக்குக் கீழேயும் பலித்திருக்கிறது. ஆனால், கைப்பேசிக்குக் கண் இல்லை. கேட்பவர் முகம் சுளித்தால் அது நிறுத்தாது. மூச்சு வாங்கினால் காலத்தைக் குறைக்காது. கண்ணீர் வந்தால் சற்றுப் பொறுத்திருக்காது. எதிரே உட்கார்ந்து பாடுகிற பெண் இதையெல்லாம் செய்வாள். மேலும், "எனக்காக ஒருவர் இத்தனை தூரம் வந்தார்" என்ற எண்ணத்தை எந்த இயந்திரமும் தர முடியாது.

ஒரே வருஷத்துக் குழந்தைகள்

1928-ம் வருஷத்தில் சென்னைப் பட்டணத்துக்கு இரண்டு பாக்கியங்கள் கிட்டின. ஒன்று, முந்திய வருஷத்துக் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பலனாகப் பிறந்த சங்கீத வித்வத் சபை. மற்றொன்று, டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய க்ஷயரோக ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. க்ஷயத்துக்கு அன்று மருந்து கிடையாது. ஓய்வும் காற்றும்தான் சிகிச்சை. மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். 1937-ல் சர்க்கார் ஏற்றுக் கொண்ட அந்த ஸ்தாபனத்தின் பெயரால்தான் 'சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது.

இந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள்! மார்கழி மாதம் வந்தால் பட்டணத்தில் எத்தனை சபாக்கள், எத்தனை கச்சேரிகள்! மத்தியானம் ஒரு மணிக் கச்சேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: மேடையில் நாலு பேர், கீழே ஏழு பேர், அந்த ஏழு பேரில் ஐந்து பேர் மேடையில் இருப்பவர்களின் உறவினர். பத்து வருஷம் பாடுபட்டுக் கற்ற வித்தையைக் கேட்பதற்கு ஆள் இல்லை. அங்கே வார்டுகளிலோ, கேட்பதற்கு நாள் முழுவதும் நேரம் உள்ளவர்கள் நூற்றுக்கணக்கில் படுத்திருக்கிறார்கள். பாடுவதற்கு ஆள் இல்லை. ஒரு பக்கம் வெள்ளம். மறு பக்கம் வறட்சி. நடுவில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டியதுதானே பாக்கி?

ஒரகடத்தின் நிலை அதிசயமானது. அதற்குக் கிழக்கே தாம்பரம், மேற்கே காஞ்சீபுரம். நாயினாப் பிள்ளையவர்களின் லய ஞானத்தால் புகழ் பெற்ற அந்தக் காஞ்சியில் அரசாங்க இசைப் பள்ளி ஒன்று இருக்கிறது. மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுகளில் கற்றுத் தருகிறார்கள். சென்னையிலோ, முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல் தலைவராகக் கொண்டு 1949-ல் தொடங்கிய இசைக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியின் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் வைத்தியக் கல்லூரியுடன் சேர்ந்தே இசைச் சிகிச்சைக்கு ஒரு கல்வி நிலையத்தை நடத்தி வந்திருக்கிறது. மாணவத் தொண்டர்களைக் கொண்டு சங்கீதத்தை ஊர் ஊராகக் கொண்டு போகலாம் என்பதை, மெனுஹின் தொடங்கிய அதே 1977-ல் டில்லியில் கிரண் சேத் தொடங்கிய 'ஸ்பிக் மேக்கே' இயக்கம் நிரூபித்திருக்கிறது. பிள்ளைகள், ஆசிரியர்கள், வழிகாட்டிகள் எல்லாம் தயார். புறப்படுவதுதான் குறை.

ஆஸ்பத்திரிக்காகப் பாடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1944-ல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடத் தொடங்கிய ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி, ஆயுள் முழுவதும் நற்காரியங்களுக்காகப் பாடிக் குவித்த பொருளுக்கு அளவில்லை. பொதுத் தொண்டுக்கான மகஸேஸே விருது 1974-ல் அவரைத் தேடி வந்தது. ஆனால், அது ஆஸ்பத்திரிக்குப் பணம் தருகிற சங்கீதம். இப்பொழுது வேண்டுவது, ஆஸ்பத்திரிக்கு உள்ளே வருகிற சங்கீதம்.

எப்படிப் பாட வேண்டும்?

வார்டு என்பது சபா அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வகுத்த வழிகாட்டியின்படி, வார்டுக்குள் ஓசை 30 டெஸிபலுக்குள் இருக்க வேண்டும். அதாவது, ரகசியம் பேசுகிற குரல் அளவு. அந்த ஸ்தாபனத்தின் சொல்லைக் கேட்டால், தவிலும் நாதஸ்வரமும் காம்பவுண்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். பாட்டுக்கூடத் தயங்க வேண்டியதுதான். ஆகையால், ஒலிபெருக்கி கூடவே கூடாது. தம்புரா, வீணை, குழல், தணிந்த வயலின், தணிந்த குரல் ஆகியவையே போதும். ஒரு வார்டுக்குக் கால் மணி நேரம். தனி ஆவர்த்தனமும் கல்பனா ஸ்வரப் பந்தயமும் டிசம்பருக்கு இருக்கட்டும்.

அனுமதி இரண்டு பேரிடம் வாங்க வேண்டும்: முதலில் பொறுப்பிலுள்ள நர்ஸிடம், அப்புறம் நோயாளியிடம். "வேண்டாம்" என்று நோயாளி சொன்னால், அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. ஊசி போட வருகிறவரிடமும், ரத்தம் எடுக்க வருகிறவரிடமும் "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இல்லை. பாட்டுக்காரரிடமாவது அந்தச் சுதந்திரம் அவருக்கு இருக்க வேண்டும்.

என்ன பாடுவது? மாணவருக்குப் பாடமான உருப்படியை அல்ல. கேட்பவருக்குத் தெரிந்த பாட்டை. பீஹாரிப் பிள்ளைக்கு ஒரு துளசிதாஸ் பஜனை, ஒடியாப் பிள்ளைக்கு ஜகந்நாதர் பாட்டு, திருநெல்வேலிப் பெண்ணுக்கு ஒரு காவடிச் சிந்து, கேட்டால் ஒரு பழைய சினிமாப் பாட்டு! பாஷைச் சண்டை போடுவதற்கு எத்தனையோ மேடைகள் இருக்கின்றன. நோயாளியின் கட்டில் அவற்றில் ஒன்றல்ல. தாய்மொழியில் இரண்டு அடி கேட்டால் போதும், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள வீடு பக்கத்தில் வந்துவிடும்.

ஆரோக்கிய விதிகள் கண்டிப்பானவை. கை கழுவாமல் வார்டுக்குள் நுழையக் கூடாது. சளி, இருமல் உள்ள மாணவர் அன்று வீட்டிலேயே இருக்க வேண்டும். பாடும் மூச்சே நோயைப் பரப்பக் கூடும். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு பாட்டுக் குழுவின் ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேர் கொரோனாவில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். ஆகவே, க்ஷயரோக வார்டுகளில் பாட்டைத் தவிர்த்து, வைத்தியர் சம்மதித்தால் திறந்த வெளியில், தூரத்தில் இருந்து வீணையோ வயலினோ வாசிக்கலாம். முடிவாக ஒரு விதி: போட்டோ கூடாது. படுக்கையில் கிடப்பவரைப் பின்னணியாக வைத்துப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவது தொண்டு அல்ல; விளம்பரம்.

இரண்டு ஆட்சேபணைகள்

"ஆஸ்பத்திரியில் படுக்கை போதவில்லை, நர்ஸ் போதவில்லை, வீணை ஒன்றுதான் குறைச்சலா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். படுக்கையும் நர்ஸும் சர்க்காரின் கடமை. தொழிலாளிக்குக் கை நசுங்காத இயந்திரம் தருவது முதலாளியின் கடமை. பாட்டைக் காட்டி இந்தக் கடமைகளைத் தட்டிக் கழிக்க யாராவது முயன்றால், முதலில் எதிர்ப்பவர்கள் நாமாக இருப்போம். ஆனால், இங்கே செலவாகப் போவது சர்க்கார் பணம் அல்ல. மாணவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை.

"தொண்டு என்ற பெயரால் கலைஞனை இலவசமாக வேலை வாங்குவதா?" என்பது இரண்டாவது ஆட்சேபணை. இதிலும் உண்மை உண்டு. பஸ் கட்டணமும் சிற்றுண்டியும் ஆஸ்பத்திரியோ, பக்கத்துத் தொழிற்சாலையோ தரட்டும். தேர்ந்த இசைச் சிகிச்சையாளருக்கு முறையாகச் சம்பளம் தர வேண்டும். அவருடைய வேலை வேறு, இது வேறு. மாணவர் செய்வது சிகிச்சை அல்ல. அண்டை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போகிற காரியம். அண்டை வீட்டார் அதற்குப் பணம் வாங்குவதில்லை.

மாணவர் அங்கே பெறுகிற பாடமோ எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. சபாவில் தலையாட்டுகிறவர் மரியாதைக்கும் ஆட்டலாம். வலியோடு படுத்திருப்பவர் மரியாதைக்குத் தலையாட்ட மாட்டார். ஒரு பிடி சஹானா உண்மையில் மனத்தைத் தொட்டதா இல்லையா என்பதை அவர் முகம் உடனே சொல்லிவிடும். அதைவிடக் கறாரான விமர்சகர் நம் பத்திரிகைகளில்கூடக் கிடையாது!

நேயர்களின் வீடுகளில் பாட்டுக் கற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மாதந்தோறும் சம்பளம் கட்டி, பரீக்ஷைக்கு அனுப்பி, மேடை கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறீர்கள். ஒரு நாள் அந்தப் பிள்ளையையும் ஆசிரியரையும் அழைத்துக் கொண்டு, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸைப் போய்ப் பாருங்கள். முதல் தடவை அவர் சந்தேகத்துடன்தான் பார்ப்பார். இரண்டாவது தடவை நாள் குறித்துக் கொடுப்பார். ஒரகடத்துக் கட்டிலில், கையில் கட்டுப் போட்டுக் கொண்டு, மேலே சுழலும் மின்விசிறியை எண்ணிக் கொண்டிருக்கும் பிள்ளை யாருடைய பிள்ளையோ. ஆனால், அவன் செய்த வண்டியில்தான் நாம் அனைவரும் போய்க் கொண்டிருக்கிறோம்.